கேட்டால் கோவிப்பினம்

உள்ளூராட்சி சபை, சந்தை, ஒழுங்கை, குப்பை. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி இவற்றைப் பற்றித்தான். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், நாளைக்கு ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் சபைத் தவிசாளருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டி வரும்.

எங்கள் ஒழுங்கைக்குத் தை மாதம் கொங்கிறீற் போட்டார்கள். ஐப்பசி மழைக்கே நடுவில் பிளந்து கல் வெளியில் தெரிகிறது. யாரைப் போய்ப் பிடிப்பது?
– சைக்கிளால் விழுந்த வாசகி, கொக்குவில்

அக்கா, யாரையும் பிடிக்க முன்னர் ஒழுங்கை வாசலில் ஒரு பலகை நிற்குமே, அதைப் போய்ப் பாருங்கள். வேலையின் பெயர், பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். சில பலகைகளில் "கௌரவ" என்ற சொல்லும் அதற்குரியவரின் படமும் இடத்தை எல்லாம் எடுத்துவிடும், தொகையை வாசிக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிய வேண்டும். பரவாயில்லை, குனியுங்கள். அதை ஒரு படம் எடுங்கள், வெடிப்பையும் ஒரு படம் எடுங்கள், வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

பலருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கிறது. இப்படியான வேலைகளில் ஒப்பந்தக்காரருக்குப் போகவேண்டிய பணத்தில் ஒரு பங்கைச் சபை உடனே கொடுக்காமல் பிடித்து வைப்பது வழக்கம். முடிந்த நாளிலிருந்து ஒரு காலம், பெரும்பாலும் ஒரு வருடம், வேலையில் குறை வந்தால் அவரே தன் செலவில் வந்து திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் பிடித்து வைத்த பணத்தில் கை வைக்கலாம். தை மாதம் போட்டு ஐப்பசியில் வெடித்தது என்றால் நீங்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் நிற்கிறீர்கள். அதனால் வட்டார உறுப்பினரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் "பார்ப்பம் அக்கா" என்பார், தை பிறந்துவிடும், பணமும் போய்ச் சேர்ந்துவிடும். சபைச் செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள், மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஏன் வெடித்தது என்று கேட்டால், போட்ட அன்றைக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கொங்கிறீற்றுக்கு மேலே சாக்கோ வைக்கோலோ பரப்பி ஒரு கிழமையாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். முழுப் பலம் வர 28 நாள் கணக்கு. எங்கள் ஊர் வெயிலில் சாக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை, மூன்றாம் நாள் யாரோ மதில் கட்டக் கல் லொறி ஏற்றுகிறார்கள். அந்த லொறி உங்கள் வீட்டுக்கே வந்திருந்தால் கடிதத்தில் அந்தப் பந்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றா? ஒரு மதகு விசயமாக இரண்டு இடத்துக்கும் அலைகிறேன்.
– ஓய்வூதியர், சண்டிலிப்பாய்

இல்லை ஐயா. சபை என்பது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, அங்கே இருப்பவர்கள் நீங்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள். செயலகம் என்பது அரசாங்கத்தின் கந்தோர், அங்கே யாருக்கும் நீங்கள் வாக்குப் போடவில்லை, அதனால் வரிசையில் நின்றால் வேலை கொஞ்சம் நடக்கும். காணி, பதிவு, உதவிப் பணம், கிராம சேவையாளர் என்றால் செயலகம். ஒழுங்கை, மதகு, விளக்கு, குப்பை, சந்தை, சுடலை என்றால் சபை. ஆனால் செயலகத்துக்கும் சில சமயம் வீதி போடப் பணம் வரும், அதைக் கிராம அபிவிருத்திச் சங்கம் மூலம் செய்விப்பார்கள், பிறகு அந்த வீதி உடைந்தால் செயலகம் சபையைக் காட்டும், சபை "நாங்கள் போடவில்லையே" என்னும். உங்கள் மதகு அந்த வகையோ தெரியவில்லை.

தார்க் காபெற் போட்ட வீதியைக் கொஞ்ச நாளில் தண்ணீர்க் குழாய்க்கென்று கிண்டினார்கள். மூடின இடம் இப்போது பள்ளம். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் "எங்கட இல்லை" என்கிறார்கள்.
– ஓட்டோச் சாரதி, கோண்டாவில்

தம்பி, அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினையே. வீதிகளுக்கு மூன்று சொந்தக்காரர். கண்டி வீதியான ஏ9, காங்கேசன்துறை வீதி போன்ற ஏ, பி வகை வீதிகள் கொழும்பின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மீதி எல்லாம், அதாவது நீங்களும் நானும் குடியிருக்கிற ஒழுங்கைகள் எல்லாம், உள்ளூராட்சி சபைக்கு. பெரிய பள்ளம் எந்த வீதியில் என்றாலும் ஏச்சு வாங்குவது சபை உறுப்பினர்தான், ஏனென்றால் அவர் ஒருவர்தான் எங்கள் ஊர்ச் சந்தியில் தேத்தண்ணி குடிக்க வருகிறார்.

குழாய்க்காகக் கிண்டுகிறவர்கள் வீதியின் சொந்தக்காரரிடம் அனுமதி எடுத்து, பழையபடி ஆக்குகிற செலவுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "ஏன் பள்ளம்" என்று கேட்காதீர்கள், "கிண்ட அனுமதி கொடுத்தது யார், திருத்தக் கட்டிய பணம் எங்கே" என்று கேளுங்கள்.

தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலம் எல்லோருக்கும் ஞாபகம். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஒரே ஊற்று, அதிலேதான் மலசலகூடக் குழியும், தோட்டத்து உரமும், குடிதண்ணீரும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தது, நாளுக்கு 24,000 கன மீற்றர் என்று கணக்கு. அந்தத் தண்ணீர் வீட்டுக்கு வரக் குழாய் வேண்டும், குழாய்க்கு வீதியைக் கிண்டத்தான் வேண்டும். முதலில் கிண்டிவிட்டுப் பிறகு காபெற் போட்டால் என்ன என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு கந்தோர்கள் ஒரு நாள் ஒரு மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்க வேண்டும்.

சோலைவரி கட்டி என்ன கண்டோம்?
– கட்டியவர், நல்லூர்

சோலைவரியை, அதாவது வீடு வளவுக்கான ஆதன வரியை, ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் பத்து வீதம் கழிவு கண்டிருப்பீர்கள். காலாண்டுக்குக் காலாண்டு முதல் மாதத்தில் கட்டுகிறவருக்கு ஐந்து வீதம். அதைத் தவிர என்ன கண்டோம் என்று கேட்டால், எவ்வளவு கட்டினீர்கள் என்று நான் கேட்க வேண்டி வரும்.

கோவிக்காதீர்கள். ஆதனத்தின் பெறுமதியை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது மதிப்பிட வேண்டும். அது தள்ளித் தள்ளிப் போகும். ஓட்டு வீடாக இருந்த காலத்து மதிப்பில் இப்போது மேல்மாடி, கண்ணாடிக் கைபிடி, மின்சாரப் படலை எல்லாம் நிற்கிறது. மாடி கட்டியது கனடாக் காசு, வரி கட்டுவது தாத்தா காலத்துக் கணக்கு. சில வீடுகளின் வருட வரி அந்த வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்குக் காணாது. அதையும் கட்டாமல் நிலுவையில் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று சபையின் கணக்காய்வு அறிக்கையைத் திறந்து பாருங்கள், கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் வருடா வருடம் அந்த நிலுவையைச் சுட்டிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிலுவைக்காரரின் பெயர்ப் பட்டியலைப் படலையில் ஒட்டினால் ஊர் சிரிக்கும் என்ற பயத்தில், வாக்குக் கேட்டு வந்த எந்த உறுப்பினரும் அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்.

சபையில் ஊழியர் சம்பளத்தின் பெரும் பங்கு மாகாணம் வழியாக வருகிறது. சொந்த வருமானம் என்பது இந்தச் சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, முத்திரைத் தீர்வையில் ஒரு பங்கு, நீதிமன்றக் குற்றப்பணம். அதாவது ஊரில் நாலு பேர் காணி எழுதினால், நாலு பேர் தலைக்கவசம் இல்லாமல் பிடிபட்டால், சபைக்குக் கொஞ்சம் காசு. தலைக்கவசம் போடாத உங்கள் மருமகனும் ஒரு வகையில் மதகு கட்டுகிறார்.

சந்தையில் நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் தொண்ணூறுக்குத்தான் காசு. பத்துக் கிலோ "கழிவு" என்கிறார்கள். சபை குத்தகை வாங்குகிறதே, கேட்காதா?
– தோட்டக்காரர், ஏழாலை

இந்தக் கடிதத்தை வாசித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது நேற்றுத் தொடங்கியதும் இல்லை. கூட்டம் போட்டு, இனிக் கழிவு எடுக்கக் கூடாது என்று அறிவித்து, பத்திரிகையில் படமும் வந்து, இரண்டு கிழமை அடங்கியிருந்து, பிறகு பழையபடி தொடங்குகிற விசயம்.

வலிகாமத்துச் சந்தை ஒன்றில் விடிய ஐந்தரைக்குப் போய் நின்று பாருங்கள். நான் நின்றிருக்கிறேன். சாக்கை இறக்கி, தராசில் ஏற்றுகிறார்கள். முள் 52இல் நிற்கிறது. எழுதுகிற ஆள் வாயால் "ஐம்பது" என்கிறார், சாக்கின் நிறையாம். சரி. பிறகு கொப்பியில் 45 என்று எழுதுகிறார், அது கழிவு. விவசாயி பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஒரு சொல் இல்லை. ஏனென்றால் வாயைத் திறந்தால் அடுத்த சாக்கை யாரும் எடுக்க மாட்டார்கள், கத்தரிக்காயை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய் என்ன செய்வது? பழுதாகிற பொருளோடு வருகிறவனுக்குப் பேரம் பேச நேரம் கிடையாது, வாங்குகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். அந்த ஐந்து கிலோவும் பழுதுமில்லை, குப்பைக்குப் போவதுமில்லை, பத்து மணிக்கு அதே சந்தையில் அதே விலைக்கு எங்கள் வீட்டுப் பைக்குள் வந்து விழுகிறது.

சபை என்ன செய்யலாம்? சந்தையைச் சபை வருடத்துக்கு வருடம் கூடின கேள்விக்கு, அதாவது கூடின தொகை கேட்டவருக்கு, குத்தகைக்கு விடுகிறது. குத்தகைக்காரர் வாசலில் வரி அறவிடுகிறார். அவரோடு எழுதுகிற உடன்படிக்கையில் "இந்தச் சந்தைக்குள் கழிவு எடுக்கிற கடைக்கு அடுத்த வருடம் இடமில்லை" என்று ஒரு வரி சேர்க்கலாம். சபையின் சொந்தத் தராசு ஒன்றை நடுவில் வைத்து, துண்டில் நிறையை அச்சடித்துக் கொடுக்கலாம், இலத்திரனியல் தராசு இப்போது பலசரக்குக் கடையிலேயே இருக்கிறது. ஒரு வரவேற்பு வளைவின் செலவில் எத்தனை தராசு வாங்கலாம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் தராசைத் திறந்து வைக்க நாடா வெட்ட முடியாது, வெட்டினாலும் படத்தில் எடுப்பாக வராது. கூடின கேள்வி கேட்ட குத்தகைக்காரரைக் கோவிக்கச் செய்தால் அடுத்த வருடம் கேள்வி குறையும் என்ற பயமும் உண்டு.

ஏழாலை அண்ணை, தனியாகப் போய்ப் பேசாதீர்கள். ஒரே நாளில் இருபது பேர் சாக்கை இறக்காமல் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றால் அன்றைக்குக் கொப்பியில் சரியான நிறை எழுதுவார்கள். அந்த இருபது பேரைச் சேர்ப்பதுதான் கத்தரி நடுவதை விடக் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

வரவுசெலவுத் திட்டத்தைத் தோற்கடித்து மாநகர முதல்வரை வீட்டுக்கு அனுப்புகிறார்களே, இதனால் எங்களுக்கு என்ன லாபம்?
– வட்டாரம் மாறி வாக்களித்தவர், வண்ணார்பண்ணை

பொழுதுபோக்கு. இரண்டு தடவை வரவுசெலவுத் திட்டம் தோற்றால் முதல்வர் பதவி இழப்பார் என்பது சட்டம். 2020 டிசம்பரில் யாழ். மாநகர சபையில் அதுதான் நடந்தது, வருடம் முடிய ஒரு நாள் இருக்கப் புது முதல்வர் வந்தார். 45 உறுப்பினர் உள்ள சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாமல் போனால் வரவுசெலவுத் திட்டம் என்பது செலவுக் கணக்கு இல்லை, ஆட்கணக்கு. புத்தகத்தில் வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று வாசித்துவிட்டு எதிர்த்தவர் யாராவது இருந்தால் அவருக்கு என் செலவில் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கிறேன். எல்லோருக்கும் என்றாலும் என் பணம் காணும்.

இன்னொரு வேடிக்கை. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. அந்த மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தலுக்குக் காசு இல்லை என்று சொல்லித் தள்ளி, கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் ஒருவரும் இல்லை, ஆணையாளரும் செயலாளர்களும் நடத்தினார்கள். குப்பை எடுத்தார்கள், விளக்கு எரிந்தது, எரியாத விளக்கு எரியவில்லை. அப்போது "சபை இல்லாமலே நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொன்ன பலரைக் கண்டேன். அப்படி இல்லை. ஒழுங்கையில் வெள்ளம் நின்றபோது ஏசுவதற்கு ஊர் ஆள் ஒருவரும் அகப்படவில்லை, அதை மறந்துவிட்டோம். மாகாண சபைக்கு வந்தால் கதை இன்னும் மோசம், வடக்கில் 2013 செப்டம்பரில் ஒரு தேர்தல், 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது, அதோடு சரி.

சபை அமர்வைப் பொதுமக்கள் போய் இருந்து பார்க்கலாம். ஒரு நாள் போய் இருங்கள். உலக விசயம் ஒன்றுக்குக் கண்டனத் தீர்மானம் ஒன்றரை மணித்தியாலம் போகும். அதன் பிறகு பசி வந்துவிடும். அந்தப் பசிக்குள் நாலு மதகும் ஒரு மயானக் கொட்டகையும் ஐந்து நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறும்.

பெரிய கட்டடங்கள் எல்லாம் வருகின்றன, நீங்கள் மட்டும் ஏன் வடிகாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?
– முன்னேற்ற விரும்பி, யாழ் நகர்

வடிகாலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, வடிகால் வெள்ளத்துக்குள் நிற்கிறேன்.

பொது நூலகத்துக்குப் பக்கத்தில் புல்லுக்குளத்து ஓரத்தில் இந்தியா கட்டித் தந்த கலாசார மண்டபத்தைப் பாருங்கள். 2015இல் அடிக்கல், 2023 பெப்ரவரியில் கையளிப்பு. பதினொரு மாடிக் கோபுரம், 600 பேர் இருக்கிற அரங்கம், ஏறக்குறைய 12 மில்லியன் டொலர். நல்ல கட்டடம், நானும் போய் நிகழ்ச்சி பார்த்தேன், கதிரை நல்ல சுகம். ஆனால் குளிரூட்டி, லிப்ட், மின்சாரக் கட்டணம், காவலாளி, கூட்டுகிறவர், இவையெல்லாம் நன்கொடையில் வருவதில்லை. இதைத் தனியே தாங்க மாநகர சபைக்கு வசதி இருக்கிறதா என்பது கட்டி முடிய முன்னரே எழுந்த கேள்வி. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயரை வைத்தபோது யாழ்ப்பாணம் என்ற சொல்லைக் காணோம் என்று ஊரே எழும்பியது, பிறகு சேர்த்தார்கள். எழும்பியது நியாயம்தான். அதில் கால்வாசிச் சத்தம் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதற்கும் எழும்பியிருந்தால் எனக்கு இன்னும் சந்தோசம்.

மாநகர சபைக்கே சொந்த மண்டபம் யுத்தத்தில் அழிந்து போய், நல்லூரில் இருந்துதான் இவ்வளவு காலமும் அலுவல் பார்த்தது. 2019இல் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தார்கள், வேலை இடையில் நின்றது. தூர சேவை பஸ் நிலையம் என்று ஒன்றும் 2021இல் திறந்தார்கள், உள்ளே யார் போவது என்று அரச பஸ் சபையான இபோசவுக்கும் தனியார் பஸ்காரருக்கும் இழுபறி, பயணப் பையோடு நிற்கிறவர்தான் அங்குமிங்கும் நடக்கிறார்.

திறக்கிற வேலைக்குப் பணம் எப்படியோ வந்துவிடும். துப்புரவாக்குகிற வேலைக்கு வராது. மண் அள்ளிய வாய்க்காலுக்கு யாரும் பெயர்க்கல் வைத்து நான் பார்த்ததில்லை. கார்த்திகை மழை இறங்குகிறபோது பெயர்க்கல் பக்கம் தண்ணீர் போவதில்லை, உங்கள் குசினிப் பக்கம்தான் வரும்.

கட்டாக்காலி மாடுகளைச் சபை பிடிக்கிறதா இல்லையா?
– ஹெட்லைட் உடைந்தவர், அச்சுவேலி

பிடிக்கிறது. பிடித்த மாட்டின் சொந்தக்காரர் தண்டம் கட்டி எடுக்க வேண்டும், வராவிட்டால் ஏலம். பிடிபடும்வரை அந்த மாட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது, பிடிபட்ட அரை மணித்தியாலத்தில் நாலு பேர் உறுப்பினரின் கைத்தொலைபேசிக்கு எடுப்பார்கள். உங்கள் ஹெட்லைட் காசை அந்த நாலு பேரிடம் கேளுங்கள்.

குப்பை வண்டி கிழமைக்கு ஒருதரம்கூட ஒழுங்காக வருவதில்லை. கல்லுண்டாயிலோ குப்பை எரிந்து புகை வருகிறதாம். இதற்கா வரி?
– பெயர் போட வேண்டாம் என்றவர், ஆனைக்கோட்டை

இரண்டு கேள்விக்கும் மறுமொழி ஒரே வண்டியில்தான் இருக்கிறது. மாநகரத்துக் குப்பை கல்லுண்டாய் வெளியில் போய்க் குவிகிறது. வெயிலில், காற்றில், அடியில் அழுகுகிறது சூடேறி, யாரோ கொளுத்தியும், தானாகவும் எரியும். பக்கத்தில் இருக்கிற சனங்கள் மூச்சுவிட முடியாமல் வீதிக்கு வந்தால்தான் செய்தி. அங்கே போகிற குப்பையின் பெரும் பங்கு சமையலறைக் கழிவும் வளவுக் குப்பையும். தென்னோலை, மாவிலை, வாழைத்தண்டு. நாற்பது வருடத்துக்கு முன்னர் இவற்றை யாரும் வண்டியில் ஏற்றவில்லை, வளவின் மூலையில் குழி வெட்டித் தாட்டார்கள். இப்போது வளவு முழுவதும் இன்ரலொக் கல் பதித்துவிட்டு ஒரு தென்னோலை விழுந்தாலும் சபைக்குப் போன் எடுக்கிறோம்.

அதற்காகச் சபையை விட முடியாது. வகை பிரித்துக் கட்டி வையுங்கள் என்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள், நாங்களும் மூன்று பையில் பிரித்து வைக்கிறோம், வண்டி வந்து மூன்றையும் ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டு போகிறது. எங்கள் வீட்டு வாசலில் பார்த்துக்கொண்டு நின்ற எதிர்வீட்டு அம்மா அடுத்த நாளிலிருந்து பிரிப்பதை விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒரு நியாயமும் அகப்படவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் உண்மையிலேயே பதில் தருகிறார்களா? கேட்டால் பகைப்பார்களே.
– இளைஞர், சாவகச்சேரி

தருகிறார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் கிடைத்ததாக எழுத்தில் தர வேண்டும், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை, கேட்பார், சிரித்துக்கொண்டு நில்லுங்கள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு. தமிழில் எழுதலாம். பிரதிக்குக் கட்டணம் என்றால் ஏ4 தாளில் முதல் நாலு பக்கம் இலவசம், பிறகு ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபா. ஒரு றோல்ஸ் காசில் ஒரு மதகின் முழுக் கோவையும் உங்கள் கைக்கு வரும்.

எங்கள் ஆட்கள் விடுகிற பிழை என்னவென்றால் கடிதத்தில் அரசியல் பேசுவது. "ஏன் எங்கள் வீதியைப் புறக்கணிக்கிறீர்கள், இது ஜனநாயகமா" என்று நாலு பக்கம். அதற்கு அலுவலர் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார், அதுவும் சட்டப்படி பதில்தான். சட்டம் தருவது பேப்பர், விளக்கம் இல்லை. ஆகவே பேப்பரைக் கேளுங்கள். இன்ன ஒழுங்கை வேலையின் மதிப்பீட்டின் பிரதி, அளவு விபரப் பட்டியலின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, பணம் கொடுத்த உறுதிச்சீட்டின் பிரதி. அது வந்ததும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போங்கள். பேப்பரில் அகலம் மூன்று மீற்றர் என்று இருந்து வீதியில் இரண்டு மீற்றர் எழுபது என்றால், அதன் பிறகு நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை, நாடாவே பேசும்.

பகைப்பார்களா என்றால், கொஞ்சம் பகைப்பார்கள். சபைக்குப் போனால் "ஓ, நீங்கள்தானா அந்தக் கடிதம்" என்று ஒரு பார்வை வரும். ஆனால் கதிரையும் தருவார்கள். முதல் கடிதத்துக்கு முன்னர் எனக்குக் கதிரை தந்ததில்லை.

அப்பாவின் நினைவாக ஊர் வாசலில் ஒரு வரவேற்பு வளைவு கட்ட விரும்புகிறேன். சபையில் அனுமதி எடுக்க வழி சொல்வீர்களா?
– ஊரை மறக்காதவர், ஸ்காபரோ

வழி சொல்கிறேன், சொல்ல மனமில்லை. வீதி யாருடையது என்று பார்த்து, அந்தச் சொந்தக்காரரிடம் வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், உயரம் காணாவிட்டால் வைக்கோல் லொறி மாட்டிக்கொள்ளும். இப்போது ஊருக்கு ஊர் வளைவு. ஒரு வளைவைக் கடந்து சைக்கிளை நாலு மிதி மிதித்தால் அடுத்த ஊர் வரவேற்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள சனத்தை யார் வரவேற்பது என்று தெரியவில்லை.

உங்கள் ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எந்த ஊர் என்றாலும் ஒரு குளம் இருக்கும், அதற்குப் போகிற வாய்க்கால் யாருடையவோ மதிலுக்குக் கீழே மறைந்து போயிருக்கும். ஆரியகுளம் தனியார் நன்கொடையில் திருத்தி 2021 டிசம்பரில் திறந்தது, பின்னேரத்தில் போய்ப் பாருங்கள், சனம் நடக்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவ்வளவு பெரிதாக வேண்டாம். வளைவுக்கு வைத்த பணத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியில் வருடா வருடம் ஆவணி, புரட்டாதியில் உங்கள் ஒழுங்கை வாய்க்காலில் மண் அள்ள ஏற்பாடு செய்யுங்கள். சபையோடும் சனசமூக நிலையத்தோடும் சேர்த்து எழுத்தில் ஒரு உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள், நிர்வாகம் மாறினாலும் நிற்கும்படி. அப்பாவின் பெயர் வேண்டும் என்றால் சனசமூக நிலையச் சுவரில் ஒரு சின்னக் கல். மண்வெட்டி பிடிக்கிற நாலு பேருக்கு அன்றைக்கு அப்பாவின் பெயரில் சோறும் மீன் குழம்பும் கொடுங்கள், கல்லை விட அதைக் கனகாலம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் வளைவுதான் என்றால், கட்டுங்கள். வெள்ளை அடிக்கிற செலவை மட்டும் சபையின் தலையில் வைக்காதீர்கள்.

எங்கள் சந்தி விளக்குப் பகலிலும் எரிகிறது. இரவில் எரிகிற விளக்கு ஒன்றும் இல்லை. யாருக்குச் சொல்ல?
– இருட்டில் இருந்து, கரவெட்டி

சபைக்கு. "சந்தி விளக்கு" என்றால் கண்டுபிடிக்க மாட்டார்கள், கம்பத்து இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். பகலில் போய்ப் பாருங்கள், இரவில் இலக்கம் தெரியாது.